ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை

அடித்தவன் வாயைத்தான் முதலில் குறிவைத்திருந்தான்.

வைதிலோ விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் கொட்டகைக்குப் பின்னால், என் தங்கை மகன் எமோரி விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தபடி நின்றேன். சிமெண்டில் ரத்தம் இன்னும் முழுதாகக் காயவில்லை. ஈக்கள் வந்துவிட்டன. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாடை இரண்டாக உடைந்துவிட்டது. வலது கையில் நான்கு விரல்கள் பூட்ஸ் காலடியில் நசுங்கிவிட்டன. உடம்பில் வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை.

"ரெண்டே இடம்," என்றேன்.

"சிக்கனமான ஆளுங்க மச்சான்," என்றான் கெலேபி. "என்னை ஒரு கல்யாண வீட்ல அடிச்சானுங்க பாரு, முட்டியிலேருந்து மூக்கு வரைக்கும் ஒரு இடம் பாக்கி வைக்கல. கோவம்னா அப்படி இருக்கணும்."

கெலேபி என் அத்தை மகன். எங்கள் தீவில் மச்சானுக்கு மச்சானைக் கேலி செய்யும் உரிமை பிறப்பிலேயே வருவது. கோபித்துக்கொண்டால் நமக்குத்தான் அவமானம். அவன் முன்பு பஸ் ஓட்டினான். இப்போது என் காரை ஓட்டுகிறான். என் சாப்பாட்டையும் சாப்பிடுகிறான். இந்த நிலையத்தின் தீயணைப்புப் படைக்கு முப்பத்தொரு ஆண்டு தலைவனாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, விசாரணை வேலைகளுக்கு நான் அழைக்கப்படுவதுண்டு. இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. என் வீட்டு ரத்தம் அழைத்தது.

காலை ஒன்பது பத்துக்கு நடந்தது இது. தரையில் நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் வண்டி, விமானத்தின் மூக்கருகே தீப்பிடித்தது. உள்ளே முப்பத்தெட்டுப் பயணிகள். வண்டியை இயக்கியவன் எமோரி. பக்கத்தில் இருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. அது காலி. அதற்குள் சக ஊழியன் விலிகேசா ஓடிவந்து, எரிகிற கேபிளை வெறும் கையால் விமானத்திலிருந்து பிடுங்கினான். டிராக்டர் ஓட்டும் சலனியேத்தா வண்டியைக் கொக்கியில் மாட்டித் தூர இழுத்தாள். பயணிகள் எதிர்ப்பக்கக் கதவால் இறங்கினார்கள். விமானம் பிழைத்தது. விலிகேசாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

சனிக்கிழமை விமான நிலைய ரக்பி அணி வென்ற கொண்டாட்டத்தில் எமோரிதான் அந்த சிலிண்டரைப் பீய்ச்சிக் காலி செய்தான் என்று சொன்னவன் மதியு. விலிகேசாவின் அண்ணன், ஊழியர்களின் மேலாளரும் அவன்தான். சொன்னதோடு நிற்காமல் அடித்ததும் அவன்தான்.

அவனே இப்போது கொட்டகையின் மூலையைச் சுற்றி வந்தான். ஆறடி மூன்றங்குலம். கையில் கரும்பு வெட்டும் கத்தி. பின்னால் அவன் கடைசித் தம்பி செமிசி.

"நாலு மணி, பெரியவரே," என்றான் மதியு. "நாலு மணிக்குள்ள உங்க வலேலெவு குடும்பத்து வீட்லேருந்து திமிங்கிலப் பல்லு எங்க காலடிக்கு வரணும். தப்பு எங்களுதுன்னு உங்க வாயால சொல்லணும். வரலன்னா, ஆஸ்பத்திரியில பாதி விட்டு வச்சத முடிச்சிட்டு வருவோம்."

"செய்யாத தப்புக்கு என் வீட்டுப் பல் வெளியே வராது," என்றேன். எங்கள் தீவில் மன்னிப்புக் கேட்பவர் கொண்டுபோய் நீட்டுவது திமிங்கிலப் பல்.

"செய்யாததா? எம் தம்பி கையில தோலு இல்ல! அந்த நாய் பதினோரு நொடி சிலிண்டர கட்டிப்புடிச்சி டான்ஸ் ஆடினான். கேமராவுல இருக்கு. போய்ப் பாருங்க. ஊருக்கே போட்டுக் காட்டியாச்சு!"

கத்தியின் தட்டையான பக்கத்தால் என் மார்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். நான் அசையவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது. குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நல்லவேளை மச்சான்," என்றான் கெலேபி. "உன் முதுகு வளையாதுன்னு நெனச்சேன். பொத்தானுக்கு வளையுது."

காருக்குத் திரும்புமுன் தங்கை தோரிகா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாள்.

"அண்ணே, பல்ல கொண்டு போயி குடுத்துடு. எனக்கு புள்ள உசுரோட வேணும்."

"கொடுத்தா அவன் குற்றவாளின்னு ஆகும் தோரிகா. ஜெயிலுக்குப் போவான். அவன் பிள்ளையும் தலை நிமிர முடியாது."

"ஒங் கௌரவத்த வச்சி நான் என்ன பண்றது? இங்க வந்து அவன் மூஞ்சியப் பாரு!"

வைத்துவிட்டாள். மணி பதினொன்றே கால். எங்கள் வீட்டில் செய்யாத தவறுக்குத் திமிங்கிலப் பல் சுமந்தவர் இல்லை. செய்த தவறுக்குச் சுமக்காதவரும் இல்லை. இதில் எது என்று அறிய எனக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை.

சலனியேத்தா டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கத் தலைமுடி பொசுங்கியிருந்தது. என் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இன்னும் என்னை சீஃப் என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆமா சீஃப், பதினோரு நொடி. ஊசிய உருவினான், அமுக்கினான், குலுக்கினான், மறுபடி அமுக்கினான். வாய்க்கு வந்தபடி சிலிண்டர திட்டினான்."

"தீக்கு எவ்வளவு பக்கத்தில்?"

"ஆறடி இருக்கும். புருவம் ரெண்டும் போச்சு."

"கெலேபி, பானையில் குடிக்கக் கவா இல்லை என்று தெரிந்தால் பதினோரு நொடி அதைத் தலைகீழாகக் குலுக்குவாயா?"

"நான் குலுக்குவேன் மச்சான். ஆனா மூஞ்சி வேகும்போது குலுக்க மாட்டேன்." சட்டென்று நிறுத்தினான். "அட! காலின்னு அவனுக்குத் தெரியாது!"

"விலிகேசா எப்படி ஓடிவந்தான் சலனியேத்தா? சிலிண்டரைக் கேட்டானா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "இல்ல சீஃப். எமோரியோட தோள உரசிட்டுத்தான் போனான். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா கேபிளுக்குத்தான் போனான்."

முப்பத்தொரு ஆண்டு நான் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தீ என்றால் கை முதலில் சிலிண்டருக்குப் போக வேண்டும் என்பது. தூக்கத்தில் எழுப்பினாலும் போகும். போகாத கை, அதில் ஒன்றும் இல்லை என்று அறிந்த கை.

"அப்ப காலி பண்ணினது விலிகேசாவா?" என்றான் கெலேபி. "ஊரே அவனுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கு. இத நீ போயி அவன் அண்ணன்கிட்ட சொல்லு மச்சான். நான் கார ஸ்டார்ட்லயே வச்சிருக்கேன். கதவையும் தெறந்தே வக்கிறேன். ஒன் பக்கக் கதவ இல்ல."

"அறிந்தவன் என்றுதான் சொன்னேன். செய்தவன் என்று சொல்லவில்லை. அடி விழுவதற்கு முன் எமோரி ஏதாவது சொன்னானா?"

"கேட்டான் சீஃப்," என்றாள் சலனியேத்தா. "'காலையில இந்த சிலிண்டர பாத்து கையெழுத்து போட்டது யாரு'ன்னு கத்தினான். மதியு திரும்பினான். அடுத்த செகண்டு வாயில குத்து."

"கையெழுத்துப் போட்ட தாள்?"

"பவர் வண்டியிலதான் தொங்கும். எரிஞ்சு போச்சு. இன்னைக்கு பாத்து கையெழுத்து போடற மொற எமோரியோடதுன்னு மதியு சொல்றான். எமோரிதான் வாயத் தெறக்க முடியாதே. எழுதவும் முடியாது."

கோபத்துக்கு உடம்பெல்லாம் ஒன்றுதான். வாயையும் எழுதும் கையையும் தேடிப் பிடித்து உடைக்கிற கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் சிலிண்டர் எங்கே காலியானது? கொண்டாட்டம் முழுவதும் சலனியேத்தா இருந்திருக்கிறாள். வென்றவன் தலையில் பவுடர் கொட்டாமல் எங்கள் ஊரில் யாரும் வீடு திரும்புவதில்லை. சனிக்கிழமையும் குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா டப்பாவாகக் கொட்டியிருக்கிறார்கள். எமோரியும் வெள்ளை, எல்லோரும் வெள்ளை. சிலிண்டரை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"எனக்குப் பசிக்குது," என்றான் கெலேபி. "விருந்துக்கு குழி அடுப்பு எங்க போட்டீங்க? சேம்பங்கிழங்கு ஏதாச்சும் மிச்சம் கெடக்கும்."

"சரக்குக் கொட்டகைக்குப் பின்னால. ரெண்டு நாள் ஆச்சு அண்ணே, நாய் தின்னுருக்கும்."

"நாய்க்கு நான் மச்சான் மொற. பங்கு தரும்."

சலனியேத்தா எங்களை அங்கே கூட்டிப்போனாள். கிழங்கு இல்லை. கெலேபி ஏமாந்துபோய்க் குழிக்கு அருகிலேயே குந்தினான். காரிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தான். தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன். ஒரு எலுமிச்சையைப் பிழிந்தான். பாதி அவன் விரலிடுக்கில் வழிந்து தரையில் விழுந்தது.

தரை நுரைத்தது.

"மச்சான்," என்றான் கெலேபி. "பூமி நுரை தள்ளுது. நான் எதையும் தொடல. கர்த்தர் சத்தியமா."

அவன் கையிலிருந்த எலுமிச்சையைப் பிடுங்கிப் புல்லைச் சுற்றிலும் பிழிந்தேன். எங்கெல்லாம் வெள்ளை படிந்திருந்ததோ அங்கெல்லாம் சுர்ரென்று பொங்கியது. எங்கள் சிலிண்டர்களில் அடைக்கும் பொடியும் ரொட்டிக்குப் போடும் சோடா மாவும் ஒரே சரக்கு. புளிப்புப் பட்டால் பொங்கும். குழந்தைப் பவுடர் பொங்காது. மழை பார்த்து ஆறு வாரம் ஆகியிருந்ததால் பொடி அப்படியே கிடந்தது. அதன் அடியில் புல் கருகியிருந்தது. கருகல் குழியில் தொடங்கி வேலியை நோக்கி ஓடிப் பாதியில் நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருபது தப்படியில் எரிபொருள் கிடங்கு.

இந்த இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்று நானே பலகை வைத்திருந்தேன். பலகையைக் காணோம். குழிக்குள் அதன் கரிந்த முனை கிடந்தது.

"அடுப்பு பத்தி புல்லுல பிடிச்சிருக்கு," என்றான் கெலேபி மெதுவாக. "தீயணைப்பு ஸ்டேஷனுக்கு போன் பண்ணா வேலை போயிடும். கிட்ட இருந்த சிலிண்டர எடுத்து அடிச்சி, திரும்ப வச்சிட்டு, வந்து கும்பல்ல வெள்ளையோட வெள்ளையா ஆடியிருக்கான். சனிக்கெழம வெள்ளையா இருக்கறவன எவன் சந்தேகப்படுவான்!"

"குழி அடுப்பு போட்டது யார்?" என்று சலனியேத்தாவிடம் கேட்டேன்.

"மதியுவும் விலிகேசாவும். அண்ணன் தம்பி ரெண்டு பேருந்தான்."

இரண்டு பேர். ஒருவன் வெந்து கிடக்கிறான். இன்னொருவன் கத்தியோடு திரிகிறான்.

"சனிக்கிழமை போட்ட சட்டைகள் எங்கே?"

"டீ ரூம்ல சாக்குல இருக்கு. எங்கம்மாதான் டீமுக்கு துவைப்பாங்க. இன்னைக்குத்தான் எடுத்துட்டுப் போவேன். நேத்து ஞாயித்துக்கெழமையாச்சே சீஃப்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்களில் ஒரு கொடியிலும் துணி தொங்காது. கைக்குட்டை நனைத்தாலும் போதகர் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார்.

சாக்கைத் தரையில் கொட்டினோம். பன்னிரண்டு சட்டைகள். வியர்வையும் பவுடர் வாசமும் மூக்கைத் துளைத்தன. பதினொன்றாம் எண் எமோரியுடையது, எலுமிச்சையைப் பிழிந்தேன். ஒன்றுமில்லை. நான்காம் எண் விலிகேசாவுடையது; பிழிந்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

"மச்சான்," கெலேபி ஒரு சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். "இத பிழியவே வேணாம்."

மடிப்பு கலையாத சட்டை. ஒரு துளி வெள்ளை இல்லை. சோப்பு வாசம்; அதற்கு அடியில், காயாமல் மடித்த துணியின் புழுங்கல் நாற்றம். ஏழாம் எண்.

சலனியேத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். "மதியுவோடது."

போதகரைவிட எதற்கோ அதிகமாகப் பயந்தவன்தான் ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைப்பான்.

நான்கு மணிக்கு நான் தீயணைப்பு நிலைய முற்றத்தில் நின்றேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். நகரத்துப் போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது; அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். என் பழைய ஆட்கள் லாரிக்குப் பின்னால் நின்றார்கள். என் காலடியில் தண்ணீர்க் குழாயின் முனை கிடந்தது.

மதியு பன்னிரண்டு பேரோடு வந்தான். எல்லார் கையிலும் கத்தி. செமிசியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"பல்லு எங்க?" என்றான் மதியு.

"முதலில் ஒரு கேள்வி. ஏழாம் எண் சட்டையை நேற்றுத் துவைத்தது யார்?"

அவன் கத்தியை உயர்த்தினான். "சட்டையாம் சட்டை! கெழவனுக்கு புத்தி போச்சு. வெட்டுங்கடா!"

யாரும் அசையவில்லை. செமிசி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே. நேத்து கோயிலுக்கு வரல நீ. வயித்து வலின்னு சொன்ன. நான் வீட்டுக்கு வந்தப்ப படுக்கையில நீ இல்ல."

"வாய மூடுறா!"

"காலணியை மூன்று நாளாக மாற்றவில்லை போலிருக்கிறது," என்றேன். கெலேபி அதற்குள் குனிந்துவிட்டான். பாதி எலுமிச்சையை மதியுவின் பூட்ஸ் தையலில் பிழிந்தான். தோலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவிலிருந்து வெள்ளை நுரை புடைத்து வழிந்தது. பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள்.

"குழி அடுப்புப் பக்கத்துல புல்லும் இப்படித்தான் பொங்குது," என்றான் கெலேபி, உட்கார்ந்தபடியே. "குழந்தைப் பவுடர் பொங்காது தம்பிங்களா. சிலிண்டர் பொடிதான் பொங்கும். உங்க அண்ணன் கால்ல ரொட்டி சுடலாம்."

கத்தி சீறி வந்தது. கெலேபி தலையை இழுத்தான். ஆனால் இடது காதின் மேல்பாதி தரையில் விழுந்தது. ரத்தம் அவன் கழுத்தில் பீறிட்டது. இரண்டாம் வீச்சு எனக்கு. நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

அந்த வேகத்துக்கு முன் மனிதன் நிற்க முடியாது. தண்ணீர் மதியுவின் மார்பில் இடித்துத் தூக்கி லாரிச் சக்கரத்தில் அறைந்தது. விலா முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கத்தி பறந்து சுவரில் மோதியது. நான் நிறுத்தவில்லை. எமோரியின் முகம் கண்முன் நின்றது. முகத்துக்கு உயர்த்தினேன். அவன் மூச்சுக்குத் திணறி, கைகளை விரித்து, தரையில் புரண்டான்.

"போதும் மச்சான்!" என்று கெலேபி என் கையைப் பிடித்தான். "போதும். செத்துட்டான்னா அப்புறம் நாமதான் பல்லு தூக்கணும்."

குழாயை மூடினேன். முனையைக் கீழே போட்டேன்.

மதியு தண்ணீரைக் கக்கினான். பிறகு சொன்னான், யாரையும் பார்க்காமல். "இன்னைக்கு ஸ்டோர் தொறந்ததும் வேற சிலிண்டர் மாத்திடலாம்னு இருந்தேன். ஒரே ஒரு பிளேன். அது போனதும் மாத்திருப்பேன். கையெழுத்தையும் நானே போட்டுட்டேன். விலிகேசா வேணாம்னு சொன்னான். நான்தான் வாய மூடுறான்னேன்."

செமிசி ஓவென்று கத்திவிட்டான்.

அதன்பின் நடந்தது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக் கூடியது. அவர்களில் இருவர் ஓடினார்கள். அவர்கள் ஊர் விமான ஓடுபாதைக்கு அடுத்துதான். அரை மணி நேரத்தில் கயிறு கட்டிய பழுப்பேறிய திமிங்கிலப் பல்லோடு வந்து, அதை மதியுவின் கைகளில் வைத்தார்கள். அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று, இரு கைகளாலும் அதை என் முன் நீட்டினான்.

"போலீச விட பல்லு வேகமா வந்துடுச்சு," என்றான் கெலேபி, காதில் துணியை அழுத்தியபடி.

நீட்டிய பல்லை என் கை தொட்டால் எல்லாம் புதைந்துவிடும். வழக்கு இல்லை, கோர்ட்டு இல்லை. எமோரியின் தாடையும் முப்பத்தெட்டு உயிரும் இரண்டு வீடுகளுக்கு இடையே பேசித் தீர்ந்த ஒரு விஷயம் ஆகிவிடும். தொடாமல் விட்டால், நீட்டிய பல்லை மறுத்தவன் என்று என் வீட்டைத் தலைமுறைக்கும் பேசுவார்கள். என் அப்பா மறுத்ததில்லை. அவருடைய அப்பாவும் மறுத்ததில்லை.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"உங்கள் பல்லுக்கு என் மரியாதை உண்டு," என்றேன். "ஆனால் அந்த விமானத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கெல்லாம் கொண்டுபோக உங்களிடம் பல் இருக்கிறதா?"

மதியு பல்லைத் தாழ்த்தவில்லை.

அப்போதுதான் போலீஸ் வண்டி வந்தது. விலங்கை எடுத்துக்கொண்டு இறங்கிய கான்ஸ்டபிள் நாலடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். முழங்காலில் நிற்பவனின் கையிலிருந்து திமிங்கிலப் பல்லைப் பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. பல் கையில் இருக்கும்வரை விலங்கும் பூட்ட முடியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னாலேயே வைத்திருந்தேன். பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெயிலில் ஈரத் தரை ஆவி விட்டது.

செமிசி தன் கத்தியைக் கீழே வைத்தான். அண்ணன் எதிரில் வந்து முழங்காலிட்டான். நெடுநேரம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும், ஒரு குழந்தையை வாங்குவதுபோல, பல்லை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"இப்ப மாட்டுங்க சார்," என்றான்.